தங்கச்சிக்கு ‘அக்குவாபோரின்-4 பாசிட்டிவ்’: அம்மா தண்ணீர் கொடுக்கப் பயப்படுகிறார்

ஈசூன்வாசி | இரவு 11.52

வணக்கம். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சிக்கு 31 வயது. போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் அவளுக்கு விக்கல் பிடித்தது. சீனியை வாயில் போட்டோம், மூச்சைப் பிடிக்கச் சொன்னோம். ஐந்து நாளாகியும் நிற்கவில்லை. தூக்கத்திலும் விக்கினாள். அப்புறம் வாந்தி. ஒரு கிளினிக்கில் வயிற்று அமிலம் என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். பன்னிரண்டாம் நாள் தானாக நின்றது. தீபாவளிச் சந்தடியில் நாங்களும் மறந்துவிட்டோம்.

பிப்ரவரியில் வலது கண்ணைத் திருப்பினால் வலிக்கிறது என்றாள். மறுநாள் பெருவிரைவு ரயிலில் வரும்போது இடது கண்ணை மூடிக்கொண்டு கதவுக்கு மேலிருக்கும் வரைபடத்தைப் பார்த்திருக்கிறாள். நம் சிங்கப்பூரின் வடக்கு தெற்குத் தடத்தின் சிவப்பு, பல தடவை துவைத்த துணி மாதிரி வெளிறித் தெரிந்ததாம். மூன்றாம் நாள் அந்தக் கண்ணில் கைவிரல்களை எண்ண முடியவில்லை. நேராக அவசரப் பிரிவுக்குப் போனோம். எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை, ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பார்வை பாதி திரும்பியிருக்கிறது.

ரத்த முடிவில் ‘அக்குவாபோரின்-4 ஆன்டிபாடி பாசிட்டிவ்’ என்று வந்தது. நோயின் பெயர் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. மருத்துவர் பொறுமையாகத்தான் சொன்னார். மூளையில் தண்ணீர் போய்வரும் வழி ஒன்று இருக்கிறது, அதை உடம்பே தாக்குகிறது என்றார். தங்கச்சி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ‘மூளைத் தண்ணீர் வாய்க்கால்’ என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அம்மா ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு டம்ளர்தான் கொடுக்கிறார். தண்ணீர் அதிகம் போனால் மூளைக்கு ஏறிவிடும் என்று பயம். இந்த வெயிலில் அவள் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று இரவு பெரிய சண்டை, இரண்டு பேரும் அழுதார்கள்.

இந்தத் தண்ணீர் வழி என்பது என்ன? தண்ணீர் குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இரவுப்பணி தாதி | இரவு 12.20

தம்பி, இடைவேளையில் இருக்கிறேன், அவசரமானதை முதலில் சொல்கிறேன். தண்ணீர் கொடுங்கள். தாகம் எடுத்தால் குடிக்கட்டும். குடிக்கும் தண்ணீருக்கும் இந்த நோய் வந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரே ஒரு விஷயம். இந்த நோய் சில சமயம் மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதாலமஸ் என்ற பகுதியைத் தொட்டு, ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். அப்படி யாருக்காவது இருந்தால் மருத்துவரே தண்ணீர் அளவைச் சொல்லிவிடுவார். உங்களிடம் சொல்லவில்லை என்றால் அளவு வைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் அடுத்த சந்திப்பில் “சோடியம் எவ்வளவு?” என்று கேளுங்கள். அம்மாவைக் கோபிக்காதீர்கள். பயத்தில் ஏதாவது ஒன்றைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்.

உயிரியல் டீச்சர் | காலை 6.35

நான் தொடக்கக் கல்லூரியில் உயிரியல் நடத்துகிறேன். மருத்துவர் இல்லை. ஆனால் இந்தப் புரதத்தைப் பல வருடமாகப் பாடமாக எடுக்கிறேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஏற்றபடி எழுதிப் பார்க்கிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு சுற்றியிருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியானால் தண்ணீர் எப்படிச் செல்லுக்குள் அவ்வளவு வேகமாகப் போகிறது? தனி வாசல் இருக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சந்தேகித்தார்கள், யார் கையிலும் அது சிக்கவில்லை.

அமெரிக்காவில் பால்டிமோரில் பீட்டர் ஏக்ரி என்ற மருத்துவர் அதைத் தேடிக்கூடப் போகவில்லை. ரத்த வகையில் நாம் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்கிறோமே, அந்த ஆர்எச் புரதத்தைச் சிவப்பணுக்களிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். கூடவே வேண்டாத ஒரு சின்னப் புரதம் ஒட்டிக்கொண்டு வந்துகொண்டேயிருந்தது. அது என்ன என்று பார்க்க ஒரு தவளை முட்டையை எடுத்தார்கள். அந்தத் தவளை குளத்தில் முட்டையிடும், முட்டைக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. இந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பை முட்டைக்குள் செலுத்தி, உப்புக் குறைந்த நீரில் போட்டார்கள். முட்டை உப்பி, சில நிமிடத்தில் வெடித்தது. வாசல் அகப்பட்டுவிட்டது. அது 1992இல் வெளியானது. 2003இல் ஏக்ரிக்கு வேதியியல் நோபல் கிடைத்தது, அயனி வழிகளுக்காக ரோடரிக் மெக்கினனும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த வாசலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வகுப்பு நேரம் போவதே தெரியாது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் போகும். அவ்வளவு குறுகல். ஆனாலும் முதலில் கண்டுபிடித்த அந்த வகையில் ஒரே வாசல் வழியாக நொடிக்குச் சுமார் 300 கோடி மூலக்கூறுகள் போய்விடும். உப்பு போகாது. அமிலத்தன்மை தரும் புரோட்டான்கூடப் போகாது, ஏனென்றால் நடுவழியில் ஒவ்வொரு மூலக்கூறும் புரண்டு திரும்ப வேண்டும், அந்த இடத்தில் புரோட்டான் தாவிப் போகும் தண்ணீர்ச் சங்கிலி அறுந்துவிடும்.

மனிதருக்கு அக்குவாபோரின் என்ற இந்த வாசலில் 13 வகை உண்டு. மூளையில் முக்கியமானது நாலாம் எண். அது நரம்புச் செல்லில் இல்லை, நரம்புகளைப் பராமரிக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவச் செல்லில் இருக்கிறது. அந்தச் செல் தன் பாதங்களை நீட்டி மூளையின் ரத்தக் குழாய்களைச் சுற்றிப் பிடித்திருக்கும். குழாயைத் தொடும் அந்தப் பாதத்தில்தான் அக்குவாபோரின்-4 தரையில் ஓடு பதித்த மாதிரி நெருக்கமாகப் பதிந்திருக்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே தண்ணீர் கைமாறும் இடம் அது.

உங்கள் தங்கச்சியின் உடம்பு, கிருமியைத் தாக்க வேண்டிய ஆன்டிபாடியை அந்த ஓட்டுக்கு எதிராகச் செய்துவிட்டது. ஆன்டிபாடி போய் ஒட்டுகிறது, ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற தாக்குப் புரதங்கள் அதைப் பார்த்து வந்து செல்லைத் துளைக்கின்றன, ஆஸ்ட்ரோசைட் சாகிறது. பராமரிப்பவர் போனதும் நரம்பின் மேலுறையும் நரம்பும் கெடுகின்றன. வாசல் வழியாகத் தண்ணீர் அதிகம் போனதால் வந்த நோய் இல்லை அம்மா. வாசலில் வந்து ஒட்டிய தவறான ஆன்டிபாடியால் வந்தது.

வெள்ளைக்கோல் | காலை 9.10

இந்த நோயோடு எனக்கு இது ஒன்பதாம் வருடம். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும், வலது கண் நன்றாக இருக்கிறது. திரையை வாசிக்கும் செயலியோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுங்கள்.

விக்கல் என்று படித்ததும் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் முதலில் வந்தது அதுதான். தம்பி, அந்த விக்கலும் வாந்தியும் நோயின் முதல் தாக்குதல். மூளைத்தண்டின் பின்பக்கம் வாந்தியைத் தூண்டும் சின்ன இடம் ஒன்று இருக்கிறது. ரத்தத்திலுள்ள விஷத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை, அதனால் அங்கே ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு இறுக்கமாக இருக்காது. அக்குவாபோரின்-4உம் நிறைய உண்டு. ஆன்டிபாடிக்கு அங்கே நுழைவது சுலபம். 2015இல் உலக அளவில் வகுத்த நோயறியும் விதிகளில், காரணம் தெரியாத விக்கல் அல்லது குமட்டல், வாந்தி ஒரு முக்கிய அறிகுறியாகவே சேர்க்கப்பட்டது. என் முதல் விக்கலின்போது யாராவது நரம்பு மருத்துவரிடம் அனுப்பியிருந்தால் என் இடது கண் இன்று இருந்திருக்கலாம். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, இரண்டு நாளுக்கு மேல் நிற்காத விக்கல் வந்து, வயிற்றிலும் ஒன்றும் இல்லை என்றால், நரம்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். இந்த நோயைப் பிரான்ஸில் டெவிக் என்பவர் 1894இலேயே விவரித்தார். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு இதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) என்ற இன்னொரு நரம்பு நோயின் ஒரு கிளை என்றுதான் பலர் நினைத்தார்கள். நம் ஆசியாவில் ‘கண்ணையும் தண்டுவடத்தையும் பிடிக்கும் எம்எஸ்’ என்றே ஒரு பெயர் இருந்தது. 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு, நோயாளிகளின் ரத்தத்தில் தனி ஆன்டிபாடி ஒன்றைக் கண்டது. எலி மூளையின் மெல்லிய சீவல் மேல் அந்த ரத்த நீரை விட்டால் ரத்தக் குழாய் ஓரங்களில் போய் ஒட்டும். மறு வருடம் அது ஒட்டுவது அக்குவாபோரின்-4இல்தான் என்று காட்டினார்கள். அந்தப் புரதமே இல்லாத எலியின் மூளையில் அது ஒட்டவில்லை.

பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். மருந்து மாறும். எம்எஸ்ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் எங்களுக்கு நோயை மோசமாக்கும். எனக்கு முதல் வருடம் எம்எஸ் என்று சொல்லித்தான் ஊசி போட்டார்கள். அந்த வருடத்தில்தான் கண் போனது. ஒரு ரத்தப் பரிசோதனை முன்னாலேயே செய்திருக்கலாம். யாரையும் திட்ட இதை எழுதவில்லை. அடுத்தவருக்கு நடக்கக் கூடாது.

தெம்பனிஸ் மேற்கு | காலை 10.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். போன மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூளை வீங்கி, மண்டையோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வீக்கமும் இந்தத் தண்ணீர் வாசலால்தானா? அப்படியானால் வாசலை அடைக்க ஒரு மருந்து கொடுத்தால் போதுமே, ஏன் எலும்பை எடுக்க வேண்டும்?

ஆய்வகத்துக்காரன் | காலை 11.30

முதலில், அப்பா தேறி வர வேண்டும். உங்கள் கேள்வியில்தான் நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

மண்டையோடு விரியாது. உள்ளே மூளை, ரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் மூன்றும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று கூடினால் மற்றவை நெருக்கப்படும். வீக்கத்தில் கூடுவது தண்ணீர். எலும்பை எடுப்பது அந்த அழுத்தத்துக்கு ஓர் இடம் கொடுக்கத்தான்.

இப்போது வாசல். 2000ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் அக்குவாபோரின்-4 இல்லாமல் வளர்த்த எலிகளைச் சோதித்தார்கள். உடம்பில் அளவுக்கு மீறித் தண்ணீரை ஏற்றினாலும், மூளைக்கு ரத்தத்தை நிறுத்தினாலும், வாசல் இல்லாத எலிகளின் மூளை குறைவாக வீங்கியது, அவை நன்றாகத் தேறின. எல்லாருக்கும் உற்சாகம். அடைத்துவிடலாம் என்று நீங்கள் இப்போது நினைத்ததைத்தான் அவர்களும் நினைத்தார்கள். நாலு வருடம் கழித்து அதே வட்டாரத்திலிருந்து இன்னொரு கட்டுரை. மூளைக் கட்டி, உறைய வைத்த காயம் மாதிரி ரத்தக் குழாயே கசிந்து வெளியிடத்தில் நீர் தேங்கும் வீக்கத்தில், வாசல் இல்லாத எலிகளுக்கு நிலைமை மோசமானது. தேங்கிய நீர் வெளியேறவும் அதே வாசல்தான் வழி.

மரினா அணைக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெருமழையில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தால் ஒன்பது மதகுகளையும் திறந்து நீரை விடுவார்கள். கடல் ஏறியிருந்தால் மதகை மூடிவிட்டு ராட்சதப் பம்புகளால் இறைப்பார்கள். அங்கே கடல் மட்டத்தைப் பார்த்து முடிவு செய்ய ஆள் இருக்கிறார்கள். அக்குவாபோரின்-4க்கு அப்படிக் கணக்கில்லை. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும், வாசல் விட்டுவிடும். பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் செல்லுக்குள் நீர் ஏறும், பின்னாளில் குழாய் கசியும். ஒரே நோயாளிக்குத் திங்கட்கிழமை மூட வேண்டிய வாசலைப் புதன்கிழமை திறந்து வைக்க வேண்டியிருக்கும். அக்குவாபோரின்-4ஐ அடைக்கும் மருந்து எதுவும் இன்னும் மருத்துவமனை வழக்கத்துக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு வழி. 2020இல் வந்த ஓர் ஆய்வில் வாசலை அடைக்காமல், அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேர்வதைத் தடுத்துப் பார்த்தார்கள். அடிபட்ட நேரத்தில் செல் உள்ளே வைத்திருக்கும் வாசல்களை வெளியே அனுப்புகிறது. மனநோய்க்குப் பயன்பட்ட டிரைஃப்ளூவோபெராசின் என்ற பழைய மருந்து அதை நிறுத்தியது. தண்டுவடக் காயம் பட்ட எலிகளுக்கு வீக்கம் குறைந்து, நடையும் தேறியது. எலியில் பார்த்தது, மனிதருக்கு இன்னும் தூரம் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இப்போது எலும்பை எடுத்ததுதான் சரியான வைத்தியம்.

பொங்கோல் பாட்டி | பிற்பகல் 1.15

தூங்கும்போது மூளையை இந்தத் தண்ணீர் கழுவுகிறது, தூங்காவிட்டால் மறதி நோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் என் பேத்தி அனுப்பினாள். இதே வாசல்தானா? எனக்கு இரவில் மூன்று மணி நேரம்தான் தூக்கம்.

ஆய்வகத்துக்காரன் | பிற்பகல் 2.40

அதே வாசல்தான் பாட்டி. 2012இல் ஒரு குழு எலிகளில், மூளைத் திரவம் ரத்தக் குழாய் ஓரமாக உள்ளே வந்து கழிவைச் சுமந்து போவதையும், அக்குவாபோரின்-4 இல்லாவிட்டால் அது மந்தமாவதையும் காட்டியது. அடுத்த வருடம் அதே குழு, தூங்கும் எலியின் மூளையில் செல்களுக்கு நடுவிலுள்ள இடம் சுமார் 60 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. பேத்தி அனுப்பியது அங்கிருந்து வந்தது. ஆனால் 2024இல் லண்டனில் செய்த எலி ஆய்வு, தூக்கத்திலும் மயக்கத்திலும் கழிவு நீங்குவது குறைகிறது என்று எதிர்மாறாகச் சொன்னது. அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையில் இந்த ஓடுகள் பாதத்தை விட்டு இடம்மாறிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது தீரவில்லை. அதை நினைத்து இருக்கும் மூன்று மணி நேரத் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கமின்மைக்கு என்று தனியாகப் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.

ஈசூன்வாசி | இரவு 9.30

டீச்சர் எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். தவளை முட்டை வெடித்த இடத்தில் நிறுத்தி, “அப்போ தண்ணீர் போனா வெடிக்கத்தானே செய்யும்?” என்று கேட்டார். முட்டையை உப்புக் குறைந்த தண்ணீரில் போட்டார்கள், நம் ரத்தத்தில் உப்பு சரியான அளவில் இருக்கிறது, சிறுநீரகம் அதைப் பார்த்துக்கொள்ளும் என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் எழுந்து போய்ப் பெரிய ஜாடியில் தண்ணீர் நிரப்பி, தங்கச்சி கட்டில் பக்கத்தில் வைத்தார். டம்ளரை அடுக்குக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

அக்கா, விக்கல் விஷயம் மனதை அறுக்கிறது. அன்றைக்கே தெரிந்திருந்தால் என்று இருக்கிறது. இன்னொரு கவலை: சொந்தத்தில் ஒருவர், ஊருக்குக் கூட்டிப் போய் எண்ணெய் வைத்தியம் செய்யலாம், இந்த மருந்தெல்லாம் எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடும் என்கிறார். மருத்துவர் ரிட்டுக்சிமாப் தொடங்கலாம் என்கிறார்.

வெள்ளைக்கோல் | இரவு 10.15

தம்பி, மருந்தை விடாதீர்கள். எம்எஸ் மெல்ல மெல்ல அரிக்கலாம். எங்கள் நோய் பெரும்பாலும் அப்படி இல்லை, ஒவ்வொரு தாக்குதலும் வந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போகும். நடுவில் நன்றாக இருப்போம். நன்றாக இருக்கும்போதுதான் “இனி எதற்கு மருந்து” என்று தோன்றும். நான் ஒரு தடவை ஐந்து மாதம் நிறுத்தினேன், தண்டுவடத்தில் வந்தது, ஆறு வாரம் காலை உணரவில்லை.

தாக்குதலைத் தடுக்க முடியும் என்பது இப்போது சந்தேகமில்லாத விஷயம். காம்ப்ளிமென்டைத் தடுக்கும் எக்குலிசுமாபை 143 பேரிடம் சோதித்தபோது, மருந்து எடுத்தவர்களில் 3 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 43 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மறு வருடமே இனெபிலிசுமாப், சட்ராலிசுமாப் இரண்டும் வந்தன. எல்லாம் விலை மிக அதிகம். ரிட்டுக்சிமாப், ஆன்டிபாடி செய்யும் பி செல்களைக் குறைக்கும். நம்மைப் போன்ற பலர் அதில்தான் இருக்கிறோம். செலவு பற்றி முதல் நாளே மருத்துவ சமூக சேவையாளரைப் பார்க்கக் கேளுங்கள், பில் வந்த பிறகு அல்ல.

வலியோடு கை கால் இழுத்துக்கொள்ளும் துடிப்பு வந்தால் கார்பமசெபின் கொடுப்பார்கள். நம் ஊரில் 2013 முதல், ஆசிய இனத்தவருக்கு அதைப் புதிதாகத் தொடங்கும் முன் எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மரபணு இருப்பவர்களுக்குத் தோலே உரியும் அலர்ஜி வரலாம். செய்தீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

இரவுப்பணி தாதி | இரவு 11.05

அக்கா சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன். ரிட்டுக்சிமாப் தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம், மறைந்திருக்கும் கிருமி விழித்துக்கொள்ளும். தங்கச்சிக்குத் திருமணம், குழந்தை என்று எண்ணம் இருந்தால் இப்போதே மருத்துவரிடம் சொல்லட்டும். பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் தாக்குதல் வரும் அபாயம் கூடுதல், முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அந்தப் பேச்சை அம்மா முன்னால் எடுக்கத் தயங்கினால் தனியாகப் பேசச் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி | மூன்று வாரம் கழித்து, இரவு 10.40

ஹெபடைடிஸ் பி நெகட்டிவ். சோடியம் சரியாக இருக்கிறது. கட்டணம் பற்றி சமூக சேவையாளரைப் பார்த்துவிட்டோம். எண்ணெய் வைத்தியம் சொன்ன மாமாவிடம் அம்மாவே பேசினார். பராமரிப்பவரை உடம்பே அடிக்கிறது, அதை நிறுத்தத்தான் மருந்து என்று டீச்சர் சொன்ன மாதிரியே சொன்னார். இன்று ரயிலில் வரும்போது தங்கச்சி மறுபடி இடது கண்ணை மூடிப் பார்த்தாளாம். சிவப்பு இன்னும் முழுசாக இல்லை, ஆனால் அது நம் தடம்தான் என்று தெரிந்ததாம்.

நாளைக் காலை எட்டு மணிக்கு முதல் ரிட்டுக்சிமாப். என்ன எடுத்துப் போக வேண்டும்?

வெள்ளைக்கோல் | இரவு 10.52

தடிமனான மேல்சட்டை ஒன்று, அந்த அறை குளிரும். முதல் தடவை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், பிற்பகல் வரை ஆகும். அலர்ஜி வராமலிருக்க முன்னால் கொடுக்கும் மருந்தில் நன்றாகத் தூக்கம் வரும். தொண்டை அரித்தாலோ நெஞ்சு இறுகினாலோ உடனே பொத்தானை அழுத்தித் தாதியைக் கூப்பிடட்டும், பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. அம்மா கூட வந்தால் தண்ணீர் பாட்டிலை அவரிடமே கொடுங்கள்.